தங்கராசு காட்டில் இறங்கிய பருந்துகள்

1

மார்ச் மாதம் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். நான் இருக்கும் கஜகஸ்தானின் கரகண்டாவில் மார்ச் என்றால் வெயில் என்று நினைத்துவிடாதீர்கள். அலுவலக வாசலில் பனி கறுத்துப்போய்க் குவிந்து கிடந்தது. உள்ளே டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பாதி நாள் உட்கார்ந்திருந்தேன். இந்த அலுவலகத்தில் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்கு அப்பா பெயர் இனிஷியல், இவர்களுக்கு அது குடும்பப் பெயர். முதல் வருடம் மைக்கில் "பெருமாள்" என்று கூப்பிட்டபோது, செத்துப்போன மனிதர் இங்கே எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது பழகிவிட்டது. அப்பா பெயருக்கு நான் எழுந்து போய் நிற்கிறேன்.

கவுண்டரில் இருந்த அம்மாள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, இயந்திரம் அட்டையை வெளியே தள்ளும்வரை சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"இந்தியாவில் இன்னும் சொத்து ஏதாவது இருக்கிறதா?"

"கொஞ்சம் நிலம் இருக்கிறது."

"என்ன விளைகிறது?"

"பருந்து" என்றேன்.

என் ரஷ்ய மொழியின் லட்சணம் அவருக்குத் தெரியும். ஏதோ சொல்ல வந்து தடுமாறுகிறேன் என்று நினைத்து, "கோதுமையா? சோளமா?" என்று பொறுமையாக எடுத்துக் கொடுத்தார். பின்னால் அத்தனை பேர் நிற்கிறார்கள். சோளம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

2

நான் சமையல்காரன். அருப்புக்கோட்டையில் ஹோட்டல் மாஸ்டராக இருந்தேன். இந்த ஊரில் மருத்துவம் படிக்க வரும் நம் பிள்ளைகளுக்குச் சாம்பார் வைக்க ஆள் வேண்டும் என்று ஒருவர் கூட்டிவந்தார். பிறகு அந்த மெஸ்ஸை நானே எடுத்து நடத்தத் தொடங்கினேன். மனைவி செல்வி, கைக்குழந்தையாக இருந்த கயலைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கயலுக்கு இப்போது பதின்மூன்று வயது. வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் ரஷ்ய மொழிதான். கோபம் எந்த மொழியில் வருகிறதோ அதுதான் பிள்ளையின் மொழி என்று செல்வி பெருமூச்சு விடுவாள். இந்தியா போகலாமா என்று கேட்டால், "அங்கே போய் நான் என்ன செய்வது?" என்பாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

அவளுடைய பள்ளியில் உயிரியல் டீச்சர் ஒருவர் இருக்கிறார். வெயில் காலத்தில் ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே புல்வெளிக்கு ஆட்களைக் கூட்டிப்போய்ப் பறவைகளை எண்ண வைப்பார். படித்த ஆராய்ச்சியாளர்கள் யாரும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளிகள், ஒரு பஸ் டிரைவர் எல்லாம் வருவார்கள். பார்த்ததைச் செயலியில் பதிய வேண்டும். இப்படி உலகம் முழுக்கச் சாதாரண ஜனங்கள் பதிந்து வைப்பதை விஞ்ஞானிகள் எடுத்துப் பார்த்துக்கொள்கிறார்களாம். பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் வரவேண்டும் என்றார்கள். எலுமிச்சைச் சாதமும் துவையலும் கட்டிக்கொண்டு நான் போனேன்.

முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். வானம்பாடிக் கூட்டம் ஒன்று எழும்பியது. "ஐந்நூறு இருக்கும்" என்றேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, கயலைப் பார்த்தார். கயல் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா, எண்ணினீங்களா?" என்றாள். பந்திக்கு எத்தனை பேர் என்று ஒரு நோட்டம் விட்டே உலை வைத்தவன் நான். எண்ணச் சொன்னால் எண்பதுகூடத் தேறவில்லை.

அன்று மதியம்தான் பூனைப்பருந்தைப் பார்த்தேன். சாம்பல் நிறம், இறக்கை நுனி மட்டும் மையில் தோய்த்ததுபோல் கறுப்பு. ஏதோ ஒரு எலியைக் காலில் பிடித்துக்கொண்டு புல்லுக்கு மேலே வந்து ஒரு குரல் கொடுத்தது. புல்லுக்குள்ளிருந்து பழுப்பு நிறத்தில் பெட்டை எழும்பியது. ஆண் மேலே, பெட்டை கீழே. ஆண் எலியை விட்டது. பெட்டை அந்தரத்தில் மல்லாந்து, காலை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு, புல்லுக்குள் இருந்த குஞ்சுகளிடம் இறங்கிப் போய்விட்டது. ஒரு துளி சிந்தவில்லை. இருபது வருடமாகப் பரிமாறுகிறவன் நான், இப்படி ஒரு பரிமாறலைப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கென்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

"இது குளிர்காலத்தில் எங்கே போகும்?" என்று கேட்டேன்.

"தெற்கே. இந்தியாவுக்கு" என்றார் டீச்சர், நான் எந்த ஊர்க்காரன் என்பதை மறந்துபோய்.

3

அன்று இரவே கயல் செயலியில் இந்திய வரைபடத்தைத் திறந்து உட்கார்ந்தாள். தானாக இந்தியாவை அவள் தேடியது அதுதான் முதல் தடவை. இந்தப் பருந்தைப் பார்த்தவர்கள் பதிந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. தெற்கே விரலால் நகர்த்திக்கொண்டே போனாள். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் ஒரு புள்ளி. யாரோ ஒரு புண்ணியவான் மாலை நேரத்தில் பார்த்துப் பதிந்திருக்கிறார். நான் எட்டிப் பார்த்தேன். கண்மாய்க் கரையும் பனை வரிசையும் வண்டிப்பாதையும் தெரிந்தது. எங்கள் காடு.

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். கயல் இதை அப்படியே மொழிபெயர்த்து, எங்களுக்கு இந்தியாவில் சொந்தமாக வனம் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிவிட்டாள். மெஸ் நடத்துகிறவர் வனத்துக்குச் சொந்தக்காரர் என்ற மரியாதை எனக்குச் சில மாதம் கிடைத்தது. நானும் மறுக்கவில்லை.

ஊரில் அண்ணன் சீனிச்சாமிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நம்ம தரிசுக் காட்டுல சாயங்காலம் பருந்து எறங்குதா?"

"ஆமா, பனி மாசம் வந்தா எறங்கும். எலி பிடிக்க வருது போல. அதுக்கென்ன இப்ப?"

"எங்கேருந்து வருதுன்னு நெனைக்கிற?"

"மேக்க மலையிலருந்து வரும்."

"இங்கேருந்துண்ணே. நான் இருக்கேன்ல, இந்த ஊர்லருந்து."

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, "ஏப்பா, நீ ஒழுங்கா சாப்புடுறியா?" என்றார்.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், இடையில் பாலைவனம், பனி மலை. இதையெல்லாம் கடந்து வந்து, நாங்கள் ஒன்றுக்கும் ஆகாதென்று போட்டுவைத்திருந்த நிலத்தில் அந்தப் பறவை படுத்துத் தூங்குகிறது. பறவைக்கு விசா வேண்டாம் என்று இந்த இடத்தில் எழுதக் கை ஊறுகிறது. வெளிநாட்டில் இருக்கும் எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். எனக்கு மலைப்பாக இருந்தது வேறு. ஊரில் இருந்தவரை தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்கு நடந்திருக்கிறேன். ஒரு நாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை.

"லீவில் போகலாம் அப்பா" என்றாள் கயல். "அங்கே அவை ஒன்றாகக் கூடி இறங்குவதைப் பார்க்க வேண்டும். இங்கே ஜோடி ஜோடியாகத்தான் பார்க்க முடியும்." செல்வி கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மறுநாள் காலையில் டிக்கெட் போட்டேன்.

4

அண்ணனிடம் நான் போனில் சொன்னது இவ்வளவுதான்: "கயலு நம்ம காட்டுல உக்காந்து பருந்து பாக்கணும்ங்கிறா." வேறெதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஜனவரி முதல் வாரம் போய் இறங்கினோம். வீட்டில் கறிக்குழம்பு. கயல் காரம் தாங்காமல் தண்ணீரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள், ஆனால் முகத்தில் சிரிப்பு. மத்தியானம் சாய்ந்ததும், செல்வி வீட்டிலேயே இருந்துகொள்ள, அண்ணன் என்னையும் கயலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குக் கூட்டிப்போனார். போகும் வழியெல்லாம் அவருக்கு ஒரே குஷி.

"பாரு தாயி, பெரியப்பா என்ன செஞ்சு வச்சிருக்கேன்னு."

வண்டிப்பாதை திரும்பியதும் பார்த்தோம்.

இடுப்புயரம் நின்ற புல் ஒன்றுகூட இல்லை. சீமைக் கருவேலத்தை ஜேசிபி விட்டுப் பிடுங்கிப் போட்டிருந்தார். மிச்சத்தை டிராக்டரில் ரொட்டவேட்டர் போட்டு மாவாக அரைத்திருந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கரிசல் மண் துடைத்த அடுப்பு மேடைபோல் கிடந்தது. நடுவில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் கேன்.

"முள்ளும் பொதருமா பாம்பு கெடக்கும்ல. வெளிநாட்டுல வளந்த புள்ள, கால்ல ஒண்ணு குத்திருச்சுன்னா? சாமியானாகூடப் போடலாம்னு இருந்தேன். காத்து அடிக்கும்னு விட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

விருந்தாளி வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கம் முதலில் செய்வது இதுதான். வாசலைச் செதுக்கிச் சுத்தம் செய்வோம். அண்ணன் ஒரு காட்டையே வாசலாக நினைத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

கயல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய் அவர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, தமிழில், "ரொம்ப நல்லா இருக்கு பெரியப்பா" என்றாள். என் பக்கம் திரும்பி, ரஷ்ய மொழியில், மெல்ல, "அவை புல்லுக்குள் மறைந்துதான் படுக்கும். இங்கே இறங்காது" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

அண்ணனுக்கு மொழி புரியாவிட்டாலும் முகம் புரிந்தது. "புள்ள மொகம் ஏன் சுண்டிப்போச்சு?" என்றார்.

"அண்ணே, இது மரத்துல அடையிற பருந்து இல்ல. தரையில, புல்லுக்குள்ள படுக்கிறது."

"ராத்திரி இங்கனயா படுக்கும்?"

"ஆமா."

அவர் காட்டை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். "போன்ல சொல்லக் கூடாதாப்பா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்காராமல் வெறும் மண்ணில் உட்கார்ந்தார்.

5

சூரியன் கண்மாய்க் கரைக்கு மேலே நிற்கும்போது முதல் பறவை வந்தது. தரையை ஒட்டி, இறக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சாய்ந்து சாய்ந்து மிதந்து வந்தது. சாம்பல் உடம்பு, கறுத்த நுனி. அங்கே பார்த்த அதே உருவம். கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மேற்கே இரண்டு. வடக்கே நாலைந்து. எந்தத் திசையைப் பார்த்தாலும் தொலைவில் ஒரு கோடு அசைந்தது, அது பருந்தாகி நெருங்கி வந்தது. சத்தமே இல்லை. நூறைத் தாண்டியும் கயல் உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தாள். அவள் நிறுத்தியபோது எனக்குத் தலைக்கு மேல் வானமே சுற்றுவதுபோல் இருந்தது. வாயில் ஈ புகுந்தாலும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புல்வெளி முழுக்க ஜோடி ஜோடியாகப் பிரிந்து குஞ்சு பொரித்ததெல்லாம், இந்த வறண்ட மூலையில், ஒரே பந்திக்கு வந்ததுபோல் கூடியிருந்தது.

ஆனால் உட்கார இடமில்லை. தாழ வரும், கறுத்த மண்ணைப் பார்க்கும், மேலே ஏறும். மறுபடி தாழ வரும். சுற்று மேல் சுற்று. வெளிச்சம் வடிந்துகொண்டே வந்தது. "இறங்காவிட்டால் எங்கே போகும்?" என்று கேட்டேன். "தெரியாது" என்றாள் கயல். "சிதறிப் போய்விடும். நாயும் நரியும் இருக்கிற இடத்தில் தனித்தனியாகப் படுக்கும். அடுத்த வருடம் வருமா என்று தெரியாது." நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டார்.

அப்போது ஒரு பெட்டை வரப்பைத் தாண்டி அடுத்த காட்டுக்குள் இறங்கியது. அங்கே புல் அப்படியே நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு கொத்தாக ஏழெட்டு. "அங்கே!" என்று கயல் எழுந்தே விட்டாள்.

அண்ணனும் எழுந்தார். ஆனால் அவர் பார்த்தது பறவையை அல்ல. அந்தக் காட்டின் ஓரத்தில் தலையில் துண்டு கட்டி நின்ற ஆளை. எங்கள் பங்காளி தங்கராசு. வரப்பில் நின்ற ஒரு பனைமரம் யாருக்கு என்பதில் இருவருக்கும் சண்டை. இடி விழுந்து அந்தப் பனை பட்டுப்போய் வருடங்கள் ஆகிவிட்டன, சண்டை மட்டும் பச்சையாக இருக்கிறது. சாவு வீட்டில்கூட ஒருவர் நிற்கும் பக்கம் இன்னொருவர் நிற்க மாட்டார்.

தங்கராசு யாரையோ எதிர்பார்த்து நின்றார். யாரை என்று உடனே தெரிந்தது. வண்டிப்பாதையில் புழுதி எழுந்தது. மணிச் சத்தம் கேட்டது. கிடை ஆடுகளும், அவற்றை ஓட்டிவரும் கீதாரியும். நிலத்துக்கு எரு சேர, இரவில் ஆட்டு மந்தையை அடைத்துப் படுக்கவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வரும் வருடம் உழலாம் என்று தங்கராசு தன் தரிசில் கிடைபோட ஏற்பாடு செய்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மந்தையும் நாய்களும் அந்தப் புல்லுக்குள் நுழைந்துவிடும். பருந்துகளுக்கு மிச்சம் இருந்த இடம் அதுதான்.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பைப் பார்த்து நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"சத்தம் போட்டா எழும்பிரும்ணே."

அதனால், அத்தனை வருடம் பேசாத இரண்டு பேரும் தங்கள் முதல் பேச்சைக் கிசுகிசுவென்று பேச வேண்டியதாயிற்று.

"ஏலே தங்கராசு. கெடைய இன்னைக்கி இங்க போடாத."

"என் காட்டுல நான் கெடை போட ஒன்னயக் கேக்கணுமா?" பல்லைக் கடித்துக்கொண்டு, காற்றுப்போல வந்தது பதில்.

"கேக்க வேணாம். நாந்தான் கேக்குறேன். அந்தா பாரு, பருந்து எறங்குது. தம்பி மக அம்புட்டுத் தொலவுலருந்து இதப் பாக்க வந்துருக்கா. கெடைய என் காட்டுல போடச் சொல்லு. கீதாரிக்குச் செய்ய வேண்டியத நான் செஞ்சுர்றேன்."

"நல்லாருக்குலே! எரு ஒன் காட்டுக்கு, பருந்து என் காட்டுக்கா?"

மந்தை நெருங்கிவிட்டது. முன்னால் வந்த கீதாரி இவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, ஏதோ விபரீதம் என்று ஆடுகளை நிறுத்திக்கொண்டார். தங்கராசு தலையைத் தூக்கிப் பார்த்தார். அதற்குள் வானத்தில் பாதி அவருடைய புல்லுக்கு மேல் வந்துவிட்டது. தலைக்கு மேல் ஒரு ஆண் பருந்து அசையாமல் நின்று, சட்டென்று காலைத் தொங்கவிட்டுப் புல்லுக்குள் விழுந்து மறைந்தது. அவர் கழுத்து அதோடு சேர்ந்து இறங்கியது.

"இது வருசா வருசம் ஒன் காட்டுலதான எறங்கும்?" என்றார் தங்கராசு.

"ஆமா."

"இன்னைக்கி ஒன்னய விட்டுட்டு என்னயத் தேடி வந்துருச்சு."

இந்த வார்த்தையை விழுங்க அண்ணனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பட்டுப்போன பனையைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர்.

"ஆமாலே. ஒன்னயத் தேடித்தான் வந்துருக்கு. நான் அழிச்சுப்புட்டேன்."

தங்கராசு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். கீதாரியைப் பார்த்துக் கையைக் காட்டினார். "ஆட்ட அங்கிட்டுப் பத்திக்கிட்டுப் போ. சீனிச்சாமி காட்டுக்கு. அந்தக் கடேசில கொண்டுபோயிப் போடு. நாயிகளப் பிடிச்சுக் கட்டு." இதையும் கிசுகிசுவென்றுதான் சொன்னார்.

ஆடுகள் தூரத்துப் பாதையில் சுற்றிக்கொண்டு போயின. தங்கராசு வரப்பைத் தாண்டி வந்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக் கயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். மழை நின்ற பிறகு மரத்திலிருந்து சொட்டு விழுவதுபோல, வானத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்று இறங்கும்போதும் புல் ஒருதரம் அசைந்து அடங்கியது. கடைசிப் பறவை இறங்கிய பிறகு, அங்கே எதுவுமே இல்லாததுபோல் வெறும் காடு நின்றது. அத்தனை உயிர் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"எம்புட்டு தாயி?" என்றார் தங்கராசு.

"இருநூத்துப் பதினொண்ணு, பெரியப்பா."

"பூராம் என் காட்டுல" என்றார் அவர், அண்ணனைப் பார்க்காமல். அண்ணன் தண்ணீர் கேனைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து அவரிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தார்.

6

நாங்கள் திரும்பி வந்த பிறகு இருவரும் தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். கிடைக்குத் தங்கராசு வேறு நாள் பார்த்துக்கொண்டாராம். பிப்ரவரி முழுக்க எண்ணிக்கை வந்துகொண்டே இருந்தது. அண்ணன் ஒரு கணக்குச் சொல்வார். பின்னாலிருந்து தங்கராசு, "கூடச் சொல்றான், நம்பாத" என்பார். பதிவது கயலின் வேலை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இருவரையும் மறுபடி எண்ணச் சொல்லி அனுப்புவாள். தமிழில்தான் திட்டுவாள். செல்வி இதைச் சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டு, கேட்காததுபோல் வெங்காயம் நறுக்குவாள்.

மார்ச்சில் எண்ணிக்கை குறைந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் வீடியோவில் இரண்டு முகமும் ஒரே சட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன.

"நேத்தோட ஒண்ணுகூட இல்லப்பா. எல்லாம் கெளம்பிருச்சு" என்றார் தங்கராசு. "அங்க வந்து சேந்ததும் ஒரு போனு போடு."

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு நாளைக்கு ஒருதரம் கூப்பிடுவார். "இன்னும் வரலையா? வழியில என்னவும் ஆகியிருக்குமா? அங்க பனி கரைஞ்சிருச்சா?" எல்லாம் ஒரே இடத்துக்கு வராது, ஒரே பறவைதானா என்றும் சொல்ல முடியாது, அடையாள வளையம் எதுவும் கிடையாது என்றெல்லாம் கயல் விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டு, "சரி தாயி. வந்ததும் சொல்லு" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை புல்வெளிக்குப் போனோம். பள்ளங்களில் மட்டும் பனி மிச்சம் இருந்தது. காற்று முகத்தை அறுத்தது. நான் பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தேன். கயல் பேசாமல் கையை நீட்டினாள். தெற்கே, பழுத்த புல்லுக்கு மேல், சாம்பல் நிறத்தில் ஒன்று சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது. தனியாக. இறக்கை நுனி கறுப்பு. எங்களைக் கடந்து போய், ஒரு மேட்டில் இறங்கி, இறக்கையை மடக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அவளே என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். ஊரில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"பெரியப்பா, வந்துருச்சு."

அண்ணன் செருமுவது கேட்டது. பிறகு தங்கராசுவின் குரல் வந்தது.

"சாப்புட்டுச்சா?"

கயல் என்னைப் பார்த்தாள். "இன்னும் இல்ல பெரியப்பா. இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, போனை அணைக்காமல் என் கையில் கொடுத்தாள். பைனாகுலரை எடுத்துக்கொண்டு அந்த மேட்டைப் பார்த்து நடந்தாள்.